பாடகர் இல்லை; பாட்டு இருக்கிறது!
வேங்கிக்காலில் ஓர் அஞ்சலிக் கச்சேரி

மேடை நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஒரு படம் இருந்தது. படத்துக்குச் சம்பங்கி மாலை. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது.

படத்தில் சிரித்துக்கொண்டு இருந்தவர் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம்.

இடம்: வேங்கிக்கால். திருவண்ணாமலையில் இருந்து வேலூருக்குப் போகும் சாலையில், நகரத்தை ஒட்டி இருக்கிறது. மாவட்டக் கலெக்டர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பகல் முழுவதும் மனுவும் கையுமாக ஜனங்கள் வந்து போகும் ஊர். மாலை ஆனால் கடைத்தெரு களைகட்டும்.

அன்று புரட்டாசி மாதம். வானம் மூடிக்கொண்டு இருந்தது. "மழை வந்து கெடுத்துவிடுமோ?" என்று எல்லோருக்கும் கவலை. நல்ல வேளையாக, மழை பெய்யவில்லை.

இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள். டிக்கெட் கிடையாது. தெருப் பிள்ளைகள் பணம் வசூல் செய்து நடத்திய கச்சேரி. முன்வரிசையில் பாட்டிமார். நடுவில் குடும்பம் குடும்பமாகப் பெண்கள். ஓரத்தில், மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்தபடி வாலிபர்கள்.

முதல் பாட்டு ஆரம்பம் ஆயிற்று.

என் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்து இருந்தார். அவருக்கு அறுபது வயது இருக்கும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, அழுகிறீர்களே?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ராத்திரி பூரா இவர் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். இப்போ அவரும் இல்லை, இவரும் இல்லை" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு ஒரு கேள்வி எழுந்தது.

பாலசுப்பிரமணியம் மறைந்தது 2020-ம் ஆண்டில். அதற்குப் பிறகு எத்தனையோ புதிய பாடகர்கள் வந்துவிட்டார்கள். எத்தனையோ புதிய பாட்டுகளும் வந்துவிட்டன. இருந்தாலும், ஆண்டுதோறும் செப்டம்பர் வந்தால் ஊர் ஊராக அவருக்கு அஞ்சலிக் கச்சேரி நடக்கிறது. ஏன்?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தக் கச்சேரிகளால் வாழ்கிறவர் யார்? நஷ்டப்படுகிறவர் யார்?

இரண்டையும் பார்ப்போம்.

யார் அவர்?

பாலசுப்பிரமணியம் நெல்லூர்க் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த நாள் 1946-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந்தேதி. தகப்பனார் சாம்பமூர்த்தி, ஹரிகதை சொல்பவர். ஹரிகதை என்றால் சாமி கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லுவது. நம் ஊர்க் கதாகாலட்சேபம் போன்றது.

மகன் என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அவரும் அந்தப் படிப்புதான் படித்தார். ஆனால் பாட்டு அவரை விடவில்லை. 1966-ம் ஆண்டில் கோதண்டபாணி என்ற இசை அமைப்பாளர், ஒரு தெலுங்குப் படத்தில் பாடும் வாய்ப்பைக் கொடுத்தார். அதுதான் ஆரம்பம்.

தமிழில் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 1969-ம் ஆண்டில். படம்: "அடிமைப் பெண்". எம்.ஜி.ஆருக்காக அவர் பாடினார். அந்தப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய சமயத்தில், அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆளை வைத்துப் பாட வைத்திருக்கலாம். எம்.ஜி.ஆர். அப்படிச் செய்யவில்லை. பையன் குணம் ஆகி வரட்டும் என்று காத்திருந்தார். இதைப் பாலசுப்பிரமணியமே பல மேடைகளில் நன்றியோடு சொல்லி இருக்கிறார்.

அவர் முறைப்படி கர்நாடக சங்கீதம் கற்றவர் அல்ல. ஆனாலும், சங்கீத வித்துவானின் கதையான "சங்கராபரணம்" படத்தில் பாடினார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய 4 மொழிகளில் அவர் வாங்கிய தேசிய விருதுகள் மொத்தம் 6. தமிழில் வாங்கியது "மின்சார கனவு" படத்துக்காக.

அவர் பாடிய பாட்டுகள் 40 ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. மத்திய அரசு 2001-ல் பத்மஸ்ரீ, 2011-ல் பத்மபூஷண் கொடுத்தது. மறைந்த பிறகு 2021-ல் பத்மவிபூஷண் கொடுத்தது.

அந்த 50 நாட்கள்

அவர் மறைந்த விதம்தான், ஜனங்களை அவரோடு இன்னும் நெருக்கமாகக் கட்டிப்போட்டது.

2020-ம் ஆண்டு நினைவு இருக்கிறதா? கொரோனா ஆண்டு. கோவில்கள் பூட்டி இருந்தன. திருவண்ணாமலையில் பவுர்ணமி கிரிவலம் கூட நிறுத்தப்பட்டது. 14 கிலோமீட்டர் மலைப்பாதை ஆள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த ஆகஸ்டு மாதம் 5-ந்தேதி, பாலசுப்பிரமணியம் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "லேசான காய்ச்சல்தான், யாரும் கவலைப்பட வேண்டாம்" என்ற கருத்தில், தாமே பேசிப் படம் எடுத்து வெளியிட்டார். ஆனால் சில நாட்களில் நிலைமை மோசம் ஆயிற்று.

ஆகஸ்டு 20-ந்தேதி மாலை 6 மணிக்கு, சினிமாக்காரர்களும் ரசிகர்களும் அவரவர் வீட்டில் இருந்தபடியே அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். ஒரே நேரத்தில், ஊர் ஊராக அவருடைய பாட்டு ஒலித்தது.

ஆனால் அவர் பிழைக்கவில்லை. செப்டம்பர் 25-ந்தேதி பகல் 1 மணி 4 நிமிடத்துக்குக் காலமானார். வயது 74. மறுநாள், திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் உள்ள அவருடைய பண்ணை வீட்டில், போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடந்தது.

அந்த ஆண்டில் எத்தனையோ வீடுகளில் சாவு விழுந்தது. முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. பத்துப் பேர் கூடி அழவும் வழி இல்லை. அப்படி அழாமல் விட்ட அழுகை பலர் நெஞ்சில் இன்னும் தங்கி இருக்கிறது. பாடகர் பெயரால் கூடும்போது, அவரவர் வீட்டுச் சாவுக்கும் சேர்த்து அழுதுவிடுகிறார்கள். வேங்கிக்கால் அம்மாள் அழுதது பாடகருக்காக மட்டுமா? லாரி ஓட்டிய கணவருக்காகவும்தான்.

அஞ்சலிக் கச்சேரிக்குக் கூட்டம் வருவதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் ஏற்றிய விளக்கு

இந்த ஊர்க்காரர்கள் மறக்காத ஒரு சம்பவம் உண்டு.

பாலசுப்பிரமணியம் இறந்த செய்தி வந்ததும், இசை அமைப்பாளர் இளையராஜா திருவண்ணாமலைக்கு வந்தார். நண்பருக்காக மோட்ச தீபம் ஏற்றினார்.

இருவரும் சினிமாவில் பேர் வாங்குவதற்கு முன்பே நண்பர்கள். பாலசுப்பிரமணியம் அந்தக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அந்தக் குழுவில் இளையராஜாவும், அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாத்தியம் வாசித்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தார்கள்.

அதாவது, இன்று வேங்கிக்கால் மேடையில் நிற்கிறார்களே, அதே போன்ற குழுவில் இருந்துதான் அவர்களும் புறப்பட்டார்கள்.

பிறகு இருவருக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கல் வந்தது. 2017-ம் ஆண்டு மார்ச் மாதம், பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டு இருந்தார். அவர் பாட வந்து 50 ஆண்டு ஆனதைக் கொண்டாடும் சுற்றுப்பயணம் அது. அப்போது இளையராஜாவின் வக்கீல் நோட்டீசு வந்தது. "என் இசையில் வந்த பாட்டுகளை என் அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது" என்பது அதன் சாரம்.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பாலசுப்பிரமணியம் சண்டையை வளர்க்கவில்லை. "இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. சட்டம் என்றால் கட்டுப்படுகிறேன்" என்ற முறையில் பேசினார். அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டு, மற்றப் பாட்டுகளைப் பாடினார்.

2019-ம் ஆண்டு ஜூன் மாதம், சென்னையில் நடந்த இளையராஜா கச்சேரியில் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஒருவர் போய்விட்டார். மற்றவர் விளக்கு ஏற்றினார்.

நட்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நோட்டீசு எழுப்பிய கேள்வி இன்றும் இருக்கிறது. வேங்கிக்கால் கச்சேரிக்கும் அது பொருந்தும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஒரு பாட்டைப் பலர் சேர்ந்து உண்டாக்குகிறார்கள். ஒருவர் எழுதுகிறார். ஒருவர் மெட்டுப் போடுகிறார். ஒருவர் பாடுகிறார். பலர் வாத்தியம் வாசிக்கிறார்கள். ஒருவர் பணம் போடுகிறார்.

இவர்களில் சொந்தக்காரர் யார்?

இதற்காக 1957-ம் ஆண்டிலேயே பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 2012-ம் ஆண்டில் அதில் பெரிய திருத்தம் செய்தார்கள். அதன்படி, பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வரவேண்டிய பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை அந்தப் பங்கு வாரிசுகளுக்கு உண்டு.

பாடகருக்கும் பங்கு உண்டு. அவர் பாடிய பதிவை வியாபாரத்துக்கு உபயோகித்தால், அவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும். பாடி 50 ஆண்டு வரை அந்த உரிமை நிற்கும். இதை வசூல் செய்வதற்காகப் பாடகர்கள் ஒரு சங்கமும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்.

வேங்கிக்கால் மேடையில், வேறு ஒருவர் நின்று பாலசுப்பிரமணியம் பாட்டைப் பாடுகிறார். அப்போது சட்டப்படி பங்கு கேட்கக்கூடியவர்கள் யார்? எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், அவர்களிடம் உரிமை பெற்றவர்களும். பாலசுப்பிரமணியம் குடும்பத்துக்கு அதில் ஒன்றும் இல்லை! ஏன் என்றால், ஒலிப்பது அவர் குரல் அல்லவே.

அதாவது, பாடகருக்கு அஞ்சலி செலுத்தும் கச்சேரியில், பாடகருக்கு மட்டும் பங்கு கிடையாது.

"அப்படியானால் தெருவில் பாடுவது கூடக் குற்றமா?" என்று பயப்பட வேண்டாம். சட்டம் சில இடங்களில் விலக்குக் கொடுத்து இருக்கிறது. பொழுதுபோக்காகப் பாடும் சங்கத்தார், டிக்கெட் இல்லாமல் பாடினால் தடை இல்லை. கோவில் போன்ற மத நிறுவனத்தின் நன்மைக்காக அவர்கள் பாடினாலும் தடை இல்லை. கல்யாண வீட்டில் பாடலாம். ஆனால் டிக்கெட் போட்டுப் பெரிய மண்டபத்தில் வியாபாரமாக நடத்தினால், அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய நகரங்களில் அஞ்சலிக் கச்சேரி என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கிறார்கள். அங்கே உரிமைப் பணம் கேட்பது நியாயமே. தெருப் பிள்ளைகள் நடத்தும் கச்சேரியை அதோடு சேர்க்கக் கூடாது.

நம் ஊருக்குப் புதிது அல்ல

இறந்த பாடகரை நினைத்துக் கூடிப் பாடுவது, வெளிநாட்டில் இருந்து வந்த வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

தியாகராஜ சுவாமிகள் 1847-ம் ஆண்டு ஜனவரி மாதம் திருவையாற்றில் சமாதி ஆனார். காவிரிக் கரையில் இருந்த சமாதி கவனிப்பு இல்லாமல் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் சொத்தைச் செலவு செய்து, 1920-களில் அங்கே கோவில் எழுப்பினார். இன்றும் ஆண்டுதோறும் ஆராதனை நடக்கிறது. பெரிய வித்துவான்களும் அங்கே தரையில் உட்கார்ந்து, கூலி வாங்காமல் பாடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே கறுப்பு இன மக்கள் மாதா கோவிலில் பாடிய பாட்டில் இருந்து ஒரு வகை இசை பிறந்தது. அதற்கு "சோல்" என்று பெயர். சோல் என்றால் ஆத்மா. அந்த இசையின் அரசி என்று பெயர் எடுத்தவர் அரிதா பிராங்க்ளின். அவருடைய தகப்பனார் பாதிரியார். பாலசுப்பிரமணியத்தின் தகப்பனார் ஹரிகதைக்காரர். இருவருக்கும் பாட்டு, சாமி பேரைச் சொல்லும் வீட்டில் இருந்துதான் வந்தது.

அரிதா 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந்தேதி இறந்தார். அடக்கத்துக்கு முந்தின நாள், டெட்ராயிட் நகரத்தில் ஆற்றங்கரையில் உள்ள திறந்தவெளி அரங்கில் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. பிறகு அந்த அரங்குக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

நம் சென்னையில், பாலசுப்பிரமணியம் வாழ்ந்த நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் உள்ள சாலைக்குத் தமிழ்நாடு அரசு அவர் பெயரை வைத்தது. அந்தப் பெயர்ப்பலகை 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது.

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரெடி மெர்க்குரி என்ற பாடகர் 1991-ம் ஆண்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். 1992-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் அவருக்கு மாபெரும் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. அதில் வந்த பணத்தை வைத்து, எய்ட்ஸ் ஒழிப்பு வேலைக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள்.

பாட்டுக்கு அஞ்சலி, பணம் நோயாளிக்கு. இது நாம் பின்பற்றக்கூடிய நல்ல வழி.

மேடைக்குப் பின்னால்

வேங்கிக்காலுக்குத் திரும்புவோம்.

8 மணிக்கு இடைவேளை விட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் போனேன். அன்று பாடியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டு இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். முப்பது ஆண்டாகப் பாலசுப்பிரமணியம் பாட்டுகளையே பாடி வருகிறவர்.

"குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்தில் பன்னிரண்டு பேர் வருவோம், சார். தபலா, டிரம்ஸ், கிட்டார், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. இன்றைக்கு நாலு பேர். கீபோர்டு ஒருவர், ரிதம் பேட் ஒருவர், நான், ஒரு பெண் பாடகி. மற்றதெல்லாம் டிராக்" என்றார்.

டிராக் என்றால் என்ன? பாட்டின் வாத்திய இசையை மட்டும் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதை ஓடவிட்டு, அதன் மேல் பாடுவார்கள். ஒரு சின்னப் பெட்டி எட்டுப் பேருடைய வேலையைச் செய்துவிடும்.

"அந்த எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள்?"

"புல்லாங்குழல்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். தபலா வாசித்தவர் கொரோனா சமயத்தில் வாத்தியத்தை விற்றுவிட்டார். பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழா வந்தால்தான் எங்களுக்குச் சோறு. அந்த வருஷம் ஒரு திருவிழாவும் இல்லையே."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"இப்போ செத்தவங்க குரலிலேயே மெஷின் பாடுதாமே, சார். இன்னும் ரெண்டு வருஷம் போனால், 'நீங்க வேண்டாம் அண்ணே, அவர் குரலே வந்துடும்'னு சொல்லிடுவாங்களோ?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மெஷின் குரல்

அவர் பயப்பட்டதில் அர்த்தம் இருக்கிறது.

செயற்கை அறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. ஒருவர் பாடிய பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். அது அந்தக் குரலின் சாயலைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வேறு யாராவது பாடினால், அந்தச் சாயலில் மாற்றித் தருகிறது. இறந்தவர் புதுப் பாட்டுப் பாடுவது போலவே இருக்கும்.

தமிழ் சினிமாவில் இது வந்துவிட்டது. 2024-ம் ஆண்டில் வந்த "லால் சலாம்" படத்தில், மறைந்த பாடகர்கள் சாகுல் அமீது, பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரலையும் இப்படி உண்டாக்கினார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும், பணம் கொடுத்ததாகவும் அவர் தெரிவித்தார்.

அதே ஆண்டில் வந்த "கோட்" படத்தில், மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் ஒலித்தது. அதற்கு இசை அமைத்தவர் அவருடைய தம்பி யுவன்சங்கர் ராஜா. வீட்டுக்காரரே செய்ததால் தகராறு இல்லை.

ஆனால் பாலசுப்பிரமணியம் விஷயத்தில் தகராறு வந்தது. "கீடா கோலா" என்ற தெலுங்குப் படத்தில், அவர் குரலை இப்படி உண்டாக்கி உபயோகித்ததாக அவர் குடும்பத்தார் கூறினார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்பது அவர்கள் புகார். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்தப் படக்காரர்களுக்கு நோட்டீசு அனுப்பினார்கள்.

இந்தியாவில் குரலைக் காப்பாற்ற என்று தனிச் சட்டம் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். பாடகர் அர்ஜித் சிங் வழக்கில், 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாய் ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. அவர் குரலை அனுமதி இல்லாமல் மெஷினில் காப்பி அடிக்கக்கூடாது என்று கூறியது. இறந்தவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. வாரிசுகள்தான் போராட வேண்டும்.

இங்கே மூன்று பேருடைய வயிறும் மனமும் சம்பந்தப்பட்டு இருக்கின்றன.

முதலாவது, இறந்தவரின் குடும்பம். அப்பா பாடாத பாட்டை அப்பா குரலில் கேட்டால், பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கேட்காமல் செய்வது முறையா?

இரண்டாவது, உயிரோடு இருக்கும் பாடகர். இறந்தவரின் குரல் மலிவாகக் கிடைத்தால், இருப்பவரை யார் கூப்பிடுவார்கள்?

மூன்றாவது, நாம். நாம் கேட்பது மனிதன் பாடியதா, மெஷின் பாடியதா என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

மெஷினையே ஒழிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒலிபெருக்கி வந்தபோதும், கீபோர்டு வந்தபோதும் இப்படிப் பயந்தோம். ஆனால் அவை எல்லாம் மனிதன் கையில் இருந்த கருவிகள். இது மனிதனுடைய குரலையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதற்கு ஒரு வரம்பு வேண்டும்.

என்ன செய்யலாம்?

சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை. அது வருகிறபோது வரட்டும். அஞ்சலிக் கச்சேரி நடத்துகிறவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

1. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், எழுதியவர் பெயரையும் இசை அமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள். காசு செலவு இல்லாத மரியாதை இது.

2. பாட வருகிறவர்களுக்குப் பேசிய பணத்தை மேடை ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் பந்தல்காரர், மைக்செட்காரர் எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சத்தைக் கொடுக்காதீர்கள்.

3. முடிந்தவரை வாத்தியக்காரர்களைக் கூப்பிடுங்கள். பன்னிரண்டு பேர் முடியாவிட்டால், ஆறு பேராவது வரட்டும்.

4. மெஷின் குரலை உபயோகிப்பதாக இருந்தால், குடும்பத்தாரைக் கேளுங்கள். ஜனங்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

5. டிக்கெட் போட்டு நடத்தினால், உரிமைப் பணத்தைக் கட்டுங்கள். மிச்சம் இருந்தால், நலிந்த வாத்தியக்காரர் ஒருவருக்கு மருந்துச் செலவுக்குக் கொடுங்கள்.

6. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். அது சட்டம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், பக்கத்து வீட்டு நோயாளியும் உங்களை வாழ்த்துவார்கள்.

பாலசுப்பிரமணியம் தாமே இதற்கு வழிகாட்டி. "சட்டம் என்றால் கட்டுப்படுகிறேன்" என்று சொன்னவர் அவர். நெல்லூரில் இருந்த தம் குடும்ப வீட்டையே, வேதம் கற்பிக்கும் பாடசாலைக்காகக் காஞ்சி மடத்துக்கு 2020-ம் ஆண்டில் கொடுத்தார். அப்படிப்பட்டவர் பெயரால் நடக்கும் கச்சேரியில், ஒரு தபலாக்காரர் பட்டினியாக வீடு திரும்பக்கூடாது.

கடைசிப் பாட்டு

மணி ஒன்பதே முக்கால். கடைசிப் பாட்டு.

நடுவில் டிராக் பெட்டி நின்றுவிட்டது. மின்சாரத்தில் ஏதோ கோளாறு. மைக் மட்டும் வேலை செய்தது. வாத்திய இசை இல்லை.

பாடகர் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனார். ரிதம் பேட் வாசித்தவர் எழுந்து, மேடைப் பலகையில் கையால் தாளம் போட்டார். முன்வரிசைப் பாட்டிமார் கை தட்டினார்கள். வாலிபர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். என் பக்கத்து அம்மாளும் பாடினார்.

அன்று நான் கேட்ட பாட்டுகளில் அதுதான் நன்றாக இருந்தது.

சரியாக 10 மணிக்கு முடித்தார்கள். விழாப் பிள்ளைகள் ஒரு கவரைப் பாடகரிடம் கொடுத்தார்கள். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். போளூர்ப் பக்கம் போகும் கடைசிப் பஸ்சைப் பிடிக்க, கீபோர்டைத் தோளில் சுமந்த நண்பரோடு வேகமாக நடந்தார்.

பஸ் நிறுத்தம் வரை நானும் கூடப் போனேன்.

"அடுத்த வருஷமும் உங்களைக் கூப்பிடுவார்களா?" என்று கேட்டேன்.

"பிள்ளைகள் வரச்சொல்லி இருக்கிறார்கள், சார். தபலாக்காரரையும் கூட்டி வரச்சொன்னார்கள்" என்றார்.

"அவர்தான் தபலாவை விற்றுவிட்டாரே?"

"இரவல் வாங்கிக்கொள்ளலாம், சார். கை மறந்திருக்காது."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.